மோஃபிட் ஆப்பரா ஹவுஸின் நீளம்

செப்டம்பர் 14, சனி

மூன்று மாடி என்று நான் இரண்டு வாரமாக நம்பிக்கொண்டிருந்த கட்டடம் ஒன்றரை மாடிதான். கடைத்தெருப் பக்கம் மட்டும் மூன்று மாடி உயரத்துக்குச் சுவரை எழுப்பி, ஜன்னல் வைத்து, கண்ணாடியும் மாட்டியிருக்கிறார்கள். பக்கத்துச் சந்துக்குள் போய்ப் பார்த்தால் அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் வானம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சந்தில் தனியாக நின்று சிரித்தேன். லாரிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்துவிட்டுப் போனான்.

ஊரின் பெயர் கார்வெல். ஒஹையோ மாநிலம், நாலாயிரம் பேர். மகள் மாரிச்செல்வி இங்கே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். மருமகன் சுடலைமுத்து வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். நான் ஆகஸ்ட் கடைசியில் வந்தேன். நவம்பர் 4 திரும்பப் போக டிக்கெட் போட்டாயிற்று.

ஒன்றை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இவர்கள் பேசும் இங்கிலீஷை எங்கள் விளாத்திகுளம் பேச்சில்தான் இந்த நோட்டில் எழுதுவேன். எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. நிலஅளவைத் துறைக் கையேட்டை வைத்து நானே படித்தது. நோட்டு என்னுடையது.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஊரின் பழைய கட்டடங்களைச் சுற்றிக்காட்டுகிறார்கள். செல்வி என்னை அங்கே இறக்கிவிட்டாள். காட்டுகிறவள் வெர்னா பிராக்கெட் என்ற அம்மாள். எழுபத்துமூன்று வயதாம். முப்பது வருடம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். மழை இல்லாத நாளில் மஞ்சள் மழைக்கோட்டு. குரல் பஸ்ஸின் கடைசி சீட்டுக்கும் எட்டும்.

பழைய பாங்கின் முன்னால் நின்று தூண்களைக் காட்டினாள். கருங்கல் மாதிரி இருந்தது. எனக்குச் சந்தேகம். விரலை மடக்கித் தட்டினேன். ணங் என்றது. இரும்பு. வார்ப்பு இரும்புக்குக் கல் வண்ணம் அடித்திருக்கிறார்கள்.

"இது கல்லு இல்ல," என்றேன்.

"தெரியும். அடுத்தாப்ல அதத்தான் சொல்ல வந்தேன். நாப்பது தடவ இந்த எடத்துல நிறுத்தி, சஸ்பென்ஸ் வச்சு சொல்லிருக்கேன். நீங்க தட்டிக் கெடுத்துட்டீங்க," என்றாள்.

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சரியாகச் சொன்னவனைப் பார்த்துச் சிரிப்பது எனக்குப் பழகிய விஷயம். முப்பத்தோரு வருடம் செயின்மேனாக இருந்தேன். சர்வேயருக்கு அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆள். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை என்று கடைசிவரை அதிலேயே வைத்திருந்தார்கள். சங்கிலி எட்டாத ஓடையிலும் முள்ளுக்காட்டிலும் நான் எட்டு வைத்து நடந்து சொன்ன அளவைத்தான் எழுதிக்கொண்டார்கள். என்னுடைய ஒரு எட்டு இரண்டரை அடி. கூடாது, குறையாது.

செப்டம்பர் 15, ஞாயிறு

புளிக்குழம்புக்குத் தாளித்தேன். கூரையில் இருக்கும் புகை மணி அலறியது. அதை முறத்தால் விசிறி அடக்க மருமகனுக்குப் பத்து நிமிஷம்.

செப்டம்பர் 21, சனி

வேறு வேலை இல்லாததால் மறுபடியும் சுற்றிப் பார்க்கப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை கண்ணில் பட்டது, அதைப் போட்டுக்கொண்டேன்.

இன்று மோஃபிட் ஆப்பரா ஹவுஸ். 1887இல் அடுப்பு வியாபாரி ஒருவர் கட்டியது. கீழே கடை, மேலே கூடம். ஆப்பரா என்கிற பாட்டு நாடகம் ஒருநாளும் நடந்ததில்லையாம். நாடகக் கொட்டகை என்று சொன்னால் சர்ச்சுக்குப் போகிறவர்கள் வர மாட்டார்கள், ஆப்பரா ஹவுஸ் என்றால் குடும்பத்தோடு வருவார்கள் என்று அந்தப் பெயராம். அடுப்பு வியாபாரி கெட்டிக்காரன்.

உள்ளே போவதற்கு முன் சந்து வழியாகக் கட்டடத்தின் நீளத்தை நடந்தேன். பழக்கம். நாற்பத்தாறு எட்டு. நூற்றுப் பதினைந்து அடி.

படியேறிப் போனால் கூடம். தகரத்தை அச்சில் அழுத்திப் பூவும் கொடியுமாகச் செய்த கூரை. கீழே தேன் நிறத்தில் மரத்தரை, முகம் தெரிகிற பளபளப்பு. அதை எப்படி ஷூவோடு மிதிப்பது. வாசலில் கழற்றி வைத்தேன்.

"மிஸ்டர் முத்து, இது கோயில் இல்ல. சக்கரம் வச்ச ஷூ போட்டுப் புள்ளைக ஓடுன எடம்," என்றாள் அந்தம்மாள்.

"என் பேரு தவசிமுத்து," என்றேன்.

ஆனால் எனக்குப் பின்னால் வந்த கிழவர் ஒருவரும் கழற்றினார். பிறகு இரண்டு பெண்கள். கடைசியில் எல்லோரும் சாக்ஸோடு நின்றோம். அந்தம்மாளின் சாக்ஸில் வாத்துப் படம்.

இந்தக் கூடத்தில்தான் எழுபது வருடத்துக்கு முன்பு மேடையை இடித்துவிட்டு, சக்கர ஷூ விளையாட்டுக்குத் தளம் போட்டார்கள் என்றாள். பின்சுவரில் அந்தக் காலத்தில் வரைந்த பென்குயின்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு பென்குயினுக்குத் தொப்பி.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் வாசல் சுவரிலிருந்து பென்குயின் வரைக்கும் நடந்தேன். நாற்பத்துமூன்று எட்டு. நூற்றேழரை அடி.

வெளியே நூற்றுப் பதினைந்து, உள்ளே நூற்றேழரை. இரண்டு சுவருக்கும் சேர்த்து மூன்றடி தள்ளினாலும் நாலரை அடி மிச்சம். பென்குயின்களுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அந்தம்மாளின் முகம் மாறிவிட்டது. "நெசமாவா? எங்கிட்ட டேப் இருக்கு, அளந்து பாத்துருவோமா?" என்று பையைத் துழாவினாள்.

"டேப் எதுக்கு? நான் நடந்தாச்சு," என்றேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

வீட்டு நடைபாதையில் விரிக்க நீளமாக ஒரு ஜமுக்காளம் வாங்க வேண்டும் என்றாள் செல்வி. "எத்தன அடிப்பா இருக்கும்?"

மருமகன் உடனே லேசர் கருவியை எடுத்துவந்தார். "மாமா, ஒரு பட்டன்தான்."

"அத உள்ள வைங்க மாப்ள," என்று சொல்லிவிட்டு நடந்தேன். பன்னிரண்டு எட்டு. முப்பதடி. செல்வி உடனே ஆர்டர் போட்டாள். பிள்ளைக்கு என் மேல் நம்பிக்கை உண்டு.

செப்டம்பர் 26, வியாழன்

அந்தம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் ஆப்பிள் வைத்துச் சுட்ட பண்டம் ஒன்று. நான் ரசம் கொடுத்தேன். டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு இன்னொரு டம்ளர் கேட்டாள்.

விஷயம் இதுதான். அக்டோபர் 22ஆம் தேதி ஊர் மன்றம் கூடுகிறது. ஆப்பரா ஹவுஸை இடித்துவிட்டு அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் போடலாமா என்று அன்று ஓட்டு. மாநிலப் பழங்கட்டடப் பதிவேட்டில் ஏறியதை இடிப்பதில்லை என்று மன்றம் தானே விதி போட்டிருக்கிறது. ஆனால் இது பதிவேட்டில் ஏறவில்லை. நாடகக் கூடத்துக்கு மேடைதான் உயிர், மேடை இல்லாததைப் பதிய முடியாது என்று மூன்று வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்களாம்.

"ஒங்க நாலரை அடியில மேடையோட ஒரு ஓரம் கெடச்சாக்கூடப் போதும், தவசி. நான் அவங்கள வரவச்சுருவேன்," என்றாள்.

முத்து போய் தவசி வந்தது. பாதிதான். ஆனாலும் முன்பாதி.

"அந்தக் கட்டடத்துல ஒங்களுக்கு என்ன அவ்வளவு?" என்று கேட்டேன்.

"பதினோரு வயசுல அங்க கீழ விழுந்து பல்லு ஒடஞ்சது. இந்தா," என்று காட்டினாள். "ஒடச்ச எடத்த விட்டுக்குடுக்க முடியுமா?"

இப்படி ஒரு நியாயத்தை நான் எங்கும் கேட்டதில்லை. ஆனால் மறுக்கவும் தோன்றவில்லை. அவள் போன பிறகு செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று தெரியவில்லை.

செப்டம்பர் 28, சனி

சுற்றிக்காட்டலுக்குப் போனேன். நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்தில் நாலு பக்கமும் நாலு கடிகாரம், நாலும் நாலு மணி காட்டுகின்றன. கடைத்தெருக்காரர்கள் வடக்குப் பக்கத்தை நம்புகிறார்கள். சர்ச்சுக்காரர்கள் கிழக்கு. எதை நம்புகிறார் என்று கேட்டால் ஆள் யார் என்று தெரிந்துவிடுமாம். வெர்னா அம்மாள் மேற்கை நம்புகிறாள், ஏனென்றால் அதுதான் பின்தங்கி ஓடுகிறது, எங்கேயும் அவசரமாகப் போக வேண்டியதில்லை.

இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. மருந்துக்கடைக்காரர், முடிவெட்டுகிறவர், எல்லோரும் நிறுத்தி நாலரை அடியைப் பற்றிக் கேட்டார்கள். புதையல் என்கிறார் ஒருவர். பிணம் என்கிறார் இன்னொருவர், ஆசையோடு.

அக்டோபர் 3, வியாழன்

மாநில அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். மரியாதையான பெண். மேயர் ராண்டாலும் வந்திருந்தார். வெர்னா அம்மாளுக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லையாம். எனக்கு நல்ல தூக்கம்.

அளவைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். ஏணி வைத்து மாடிக்கு மேலே போனாள். இறங்கி வந்தாள்.

"பின்சுவரை ஒட்டிச் செங்கல் புகைபோக்கி ஒன்னு மேலே வரைக்கும் போகுது சார். நாலடி அகலம். அதை மறைக்கத்தான் பலகை அடிச்சிருக்காங்க. நீங்க சொன்ன நாலரை அடி அதுக்கே சரியாப் போச்சு."

"சரியாப் போகல. என்னமோ இருக்கு."

"உங்க கணக்குப்படியே நாலரை அடிதானே சார். அதுல மேடை எப்படி இருக்கும்? வேணும்னா டேப் வச்சு ஒரு தடவை..."

"என் அளவுல சந்தேகம்னா எதுக்கு வந்தீங்க?" என்றேன்.

அவள் காகிதத்தை மடித்துவிட்டாள். மேயர் கூடத்தைப் பூட்டிச் சாவியை ஊர் எழுத்தரிடம் கொடுத்தார். இனி யாரும் உள்ளே போகக் கூடாதாம், தளம் பலவீனமாம்.

படியில் இறங்கும்போது வெர்னா அம்மாள் ஒரு சத்தமும் போடவில்லை. பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு எட்டுகிற குரல்.

அக்டோபர் 4, வெள்ளி

துணி துவைத்தேன்.

அக்டோபர் 9, புதன்

ஜமுக்காளம் வந்தது. விரித்தால் நடைபாதையைத் தாண்டி, சமையலறைக்குள் நுழைந்து, அடுப்படி வரைக்கும் போகிறது. ஐந்தடி கூட.

"அப்பா, முப்பதுனு சொன்னீங்களேப்பா."

"நான் சொன்னது சரி. கடைக்காரன் முப்பத்தஞ்சு அனுப்பிட்டான்."

மருமகன் லேசரை வைத்து ஒரு பட்டனை அமுக்கினார். "மாமா, நடைபாதை இருபத்தஞ்சுன்னு காட்டுது."

"அதுல பாட்டரி போயிருக்கும்."

"நேத்துதான் மாமா மாத்துனேன்."

"மட்டமான பாட்டரி."

திருப்பி அனுப்பி, ஒழுங்காக முப்பதடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இங்கே திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். அந்த ஒன்று நல்ல பழக்கம்.

அக்டோபர் 12, சனி

வெர்னா அம்மாள் ஆப்பரா ஹவுஸை வெளியிலிருந்தே காட்டினாள். "இது மோஃபிட் ஆப்பரா ஹவுஸ், இன்னும் பத்து நாள் இங்க இருக்கும்," என்றாள். அவ்வளவுதான். வழக்கமாக இருபது நிமிஷம் பேசுகிற இடம்.

முடிந்ததும் என்னைக் காப்பிக்கடைக்குக் கூட்டிப்போனாள்.

"தவசி, ஒங்க மேல எனக்குக் கோபம் இல்ல."

"என் மேல எதுக்குக் கோபம்?"

"அதான், இல்லன்னு சொல்லுதேன்."

"அளவு சரி."

"அளவு சரியா இருந்ததுதான் கொடும," என்றாள். "நாலரை அடினு நீங்க அடிச்சுச் சொன்னதால அந்தப் பொண்ணு அதோட நிறுத்திட்டா. தெரியாதுன்னு சொல்லிருந்தா பலகையப் பிரிச்சுப் பாத்துருப்பா."

அந்தக் காப்பி மகா மட்டம். இரண்டு மணி நேரம் இருந்தோம். கணவர் போய் ஆறு வருடமாம். எனக்கு ஒன்பது என்றேன். அவர் குறட்டை விடுவாராம், அது இல்லாமல் தூக்கம் வரவில்லையாம். என் மனைவி தூக்கத்தில் கடைக்காரர்களோடு பேரம் பேசுவாள், அதைச் சொன்னேன். வெர்னா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரரும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

அக்டோபர் 18, வெள்ளி

இரண்டாவது ஜமுக்காளம் வந்தது. அதே நீளம். அதே அடுப்படி. செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மேலே இருந்து அவளும் மருமகனும் இருமுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. இருமல் இல்லை என்று எனக்குத் தெரியாதா.

அக்டோபர் 21, திங்கள்

மதியம் இரண்டு மணி. வீட்டில் யாரும் இல்லை. கடைக்காரனைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்து, ஷூவை மாட்டிக்கொண்டு, ஜமுக்காளத்தை வாசலில் கார் வரும் பாதையில் விரித்தேன். முனையிலிருந்து நடந்தேன்.

பன்னிரண்டு எட்டு. முப்பதடி. கடைக்காரன் யோக்கியன்.

அப்படியானால் உள்ளே நடைபாதையும் பன்னிரண்டு எட்டுதானே. அதுவும் முப்பதடிதானே. ஏன் ஐந்தடி மிஞ்சுகிறது? ஜமுக்காளத்தின் நடுவில் நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டு நாய் என்னைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது.

ஷூவைக் கழற்றினேன். வீட்டுக்குள் போய், சாக்ஸோடு மரத்தரையில் நடந்தேன். இந்தத் தடவை காலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

வழுக்கிவிடுமோ என்று கால் பயந்து பயந்து வைக்கிறது. எனக்கே தெரியாமல். கிழவன் நடை. மருமகனின் லேசரை எடுத்து அளந்தேன். ஒரு எட்டு இரண்டடி ஓர் அங்குலம்.

சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்தேன். ஆப்பரா ஹவுஸில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நடந்தேன். அந்தப் பளபளப்பான தரையில். நாற்பத்துமூன்று எட்டு. இரண்டரை அடியால் பெருக்காமல் இரண்டடி ஓர் அங்குலத்தால் பெருக்கினேன். ஜமுக்காள ரசீதுக்குப் பின்னால் மூன்று தடவை பெருக்கினேன். கொஞ்சம் முன்னேபின்னே, தொண்ணூறடி.

வெளியே நூற்றுப் பதினைந்து. சுவர்கள் போக இருபத்திரண்டடிக்கு மேல் காணவில்லை. புகைபோக்கி நாலடி. மிச்சம் என்ன?

பதினெட்டடி ஆழத்தில் ஒரு மேடையே நிற்கலாம். இடிக்கவில்லை. பலகையை அடித்து மூடி, மேலே பென்குயின் வரைந்திருக்கிறார்கள்.

முதலில் குதித்தேன். இந்த வயதில் குதித்தேன் என்பதை இந்த நோட்டைத் தவிர யாருக்கும் சொல்ல மாட்டேன். பிறகுதான் இன்னொன்று தோன்றியது. இதைச் சொல்ல வேண்டுமென்றால் என் எட்டு தப்பு என்று சொல்ல வேண்டும். அந்த மேயர் முன்னால். டேப் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்ன வாயால்.

தாசில்தார் முன்னால்கூட நான் ஓர் அளவை மாற்றிச் சொன்னதில்லை. வேறு வழி இருக்கிறதா என்று சாயந்திரம்வரை யோசித்தேன். கனவு கண்டேன் என்று சொல்லலாம். பழைய படம் கிடைத்தது என்று சொல்லலாம். தரை சுருங்கிவிட்டது என்று சொல்லலாம். மரம் சுருங்கும், கையேட்டில் இருக்கிறது.

எதுவும் நன்றாக இல்லை. ஜமுக்காளம் சரியான நீளம்தான் என்று மட்டும் செல்வியிடம் சொன்னேன். "நடைபாதைதான் நீளம் கம்மி," என்றேன். அவள் வந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

மன்றக் கூட்டம் ஆறரை மணிக்கு. நாற்பது ஐம்பது பேர். ஏழு உறுப்பினர்கள், நடுவில் மேயர். யார் வேண்டுமானாலும் மூன்று நிமிஷம் பேசலாம். மூன்று நிமிஷம் ஆனால் சிவப்பு விளக்கு எரியும். வெர்னா முதலில் பேசினாள். பல் கதையைச் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். ஆனால் மேயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து நான் போய் நின்றேன்.

"என் பேரு தவசிமுத்து. நான் சொன்ன அளவு தப்பு."

இதற்கே எனக்கு ஒரு நிமிஷம் போய்விட்டது. தண்ணீர் கொடுத்தார்கள்.

"எவ்வளவு தப்பு?" என்றார் மேயர்.

"பதினெட்டடி."

கூட்டத்தில் ஒருவர் சீட்டியடித்தார்.

"நாங்க உயர்ந்த எடத்துல செருப்புப் போட மாட்டோம். அந்தத் தரையப் பாத்ததும் கழட்டிட்டேன். சாக்ஸோட நடந்தா என் எட்டு சின்னதாகுது. எனக்கு அது தெரியாது. ஏன் தெரியாதுன்னா, நான் கெழவனாயிட்டத எனக்கு யாரும் சொல்லல." இங்கே சிரித்தார்கள். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. "உள்ள தொண்ணூறடிதான். பென்குயினுக்குப் பின்னால இருவத்திரண்டடி இருக்கு."

"டேப் வேண்டாம்னு சொன்னது நீங்கதான?"

"ஆமா."

"இப்ப?"

"இப்ப வேணும்."

சிவப்பு விளக்கு எரிந்தது. யாரும் கவனிக்கவில்லை. உறுப்பினர்களில் ஒருவர், தச்சு வேலை செய்கிறவர், ஹோவர்டு என்று பெயர், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எதுக்கு ராண்டால் வாதம்? கட்டடம் எதிர்த்தாப்லதான இருக்கு. என் வண்டியில கடப்பாரை இருக்கு. பாத்துட்டு வந்து ஓட்டுப் போடுவோம்."

"தளம் பலவீனம்," என்றார் மேயர்.

"ஒரு ஆளு ஒரு ஆளாப் போவோம். இந்தத் தளத்துல முந்நூறு பேர் சக்கரம் கட்டி ஓடுனோம், நீயுந்தான் ஓடுன."

கூட்டம் முழுவதும் தெருவைக் கடந்தது. போலீஸ்காரர் கார்களை நிறுத்தினார். வெர்னாவின் மஞ்சள் கோட்டு எல்லோருக்கும் முன்னால் ஓடியது. எழுத்தர் சாவியைத் தேடினார், சட்டைப்பையிலேயே இருந்தது. மருமகன் லேசரோடு பின்னால் வந்தார். மேலே போனதும் வாசல் சுவரில் வைத்துப் பட்டனை அமுக்கினார். சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.

"எண்பத்தொம்பது அடி எட்டு அங்குலம் மாமா."

ஹோவர்டு பென்குயின்களிடம் போனார். தொப்பி வைத்த பென்குயினை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததன் ஓரத்தில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். பலகை கிரீச்சிட்டு வந்தது. உள்ளே டார்ச் அடித்தார். திரும்பிப் பார்த்தார். பிறகு அடுத்த பலகையைப் பிடுங்கினார். அப்புறம் ஆளுக்கு ஒன்றாகப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். மேயரும் ஒன்று பிடுங்கினார்.

மேடை முழுசாக இருக்கிறது. தரையிலிருந்து மூன்றரை அடி உயரம். அதன் மேல் கூரையிலிருந்து தரைவரைக்கும் ஒரு திரை, வண்ணம் கொஞ்சமும் போகவில்லை. நடுவில் ஏதோ ஏரியும் கோட்டையும். சுற்றிக் கட்டம் கட்டமாக இந்த ஊர்க் கடைகளின் விளம்பரம். மோஃபிட்டின் அடுப்பு. தொப்பிக் கடை. பல் பிடுங்குகிறவர் ஒருவர், 'பெரும்பாலும் வலி இருக்காது' என்று எழுதியிருக்கிறார். ஒரே கடைக்காரர் மேலே கட்டிலும் கீழே சவப்பெட்டியும் விற்கிறார். ஐம்பது பேரும் டார்ச்சும் போனும் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் மாதிரி எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சிரிப்பு. அது எங்க தாத்தா கடை என்று ஒரு குரல். முடிவெட்டுகிறவர் அழுதுகொண்டே சிரித்தார்.

வெர்னா திரைக்கு முன்னால் நின்றாள். தொடவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"தவசிமுத்து," என்றாள். முழுசாக.

அங்கேயே ஓட்டெடுத்தார்கள். எழுத்தர் மேடை ஓரத்தில் உட்கார்ந்து எழுதினார். இடிக்க வேண்டாம் என்று ஆறு பேர். ஒருவர் மட்டும் கார் எங்கே நிறுத்துவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நடந்து வா என்று எல்லோரும் சொன்னார்கள்.

மேயர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒங்க தப்பு ரொம்பப் பெரிய தப்பு, மிஸ்டர் தவசிமுத்து," என்றார்.

"இன்னும் ரெண்டங்குலம் சின்னதா எட்டு வச்சிருந்தா இன்னும் பெருசாயிருக்கும்," என்றேன்.

அக்டோபர் 23, புதன்

கால் வலி. படிக்கட்டில் நாலு தடவை ஏறி இறங்கியிருக்கிறேன்.

அக்டோபர் 25, வெள்ளி

மாநில அலுவலகப் பெண் நேற்றே வந்து பார்த்துவிட்டாள். என்னைப் பார்த்ததும், டேப்பைக் கேட்டு வாங்காமல் போனது என் தப்பும்தான் சார் என்றாள். இல்லை, என்னுடையது என்றேன். இரண்டு நாளில் இரண்டாவது தடவை. பழகிவிடும் போலிருக்கிறது.

பதிவேட்டில் ஏற்றக் கட்டடத்தின் முழு அளவுப் படம் வேண்டுமாம். சுவர், மேடை, ஜன்னல், புகைபோக்கி, எல்லாம். ஜனவரிக்குள் கொடுத்தால் போதும். யார் போடுவார்கள் என்று கேட்டாள். வெர்னா எனக்கு முன்னால் வாயைத் திறந்து, "நாங்க ரெண்டு பேரும்," என்று சொல்லிவிட்டாள். இன்று முன்சுவரை மட்டும் அளந்தோம். டேப்பில். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. ஜன்னலுக்கு ஜன்னல் நிறுத்திக் கதை சொல்கிறாள். இந்த வேகத்தில் போனால் நாலு சுவரும் முடிய வெகுநாள் ஆகும்.

சாயந்திரம் செல்வி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நவம்பர் 4 டிக்கெட்டை ஜனவரி கடைசிக்கு மாற்றச் சொன்னேன்.

"சரிப்பா," என்றாள்.

"மூணு சுவரு பாக்கி இருக்கு. மேடைக்கு அடியில வேற அளக்கணும். பனி விழுந்தா வெளிச்சுவருல வேல நடக்காது, அதுக்கும் நாள் விட்டு வைக்கணும். அதுக்காகத்தான். வேற காரணம் ஒன்னும் இல்ல."

"நான் காரணமே கேக்கலியேப்பா," என்றாள், மாவிலிருந்து தலையைத் தூக்காமல்.